கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ்: வாங்கும்போதும் மாட்டும்போதும் செய்யும் தவறுகள்

கடைக்குப் போய் "கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ் கொடுங்க" என்றால் பெரும்பாலும் 600 விஏ பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள். எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டால், "அரை மணி நேரம் தாராளமா வரும் சார்" என்பார்கள். அந்த அரை மணி எந்தக் கம்ப்யூட்டருக்கு, எவ்வளவு லோடுக்கு என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பிறகு வரும் மனத்தாங்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

யுபிஎஸ்ஸின் வேலை சிறியது. கரண்ட் போனதும் திறந்து வைத்திருக்கும் வேலையைச் சேமித்து, கம்ப்யூட்டரை முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் தருவது. இரண்டு நிமிடம் போய்த் திரும்பும் கரண்டைத் தெரியாமல் கடக்க வைப்பதும் அதனால் முடியும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போய் மதியம் இரண்டு மணிக்கு வரும் மின்தடையைத் தாண்டுவது இன்வெர்ட்டரின் வேலை. அதை யுபிஎஸ்ஸிடம் எதிர்பார்த்துப் பணம் போடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய கணக்கு) என்பதை வாட் என்று படிப்பது அடுத்த தவறு. 600 விஏ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அது தாங்கும் லோடு பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும், சில மலிவு மாடல்களில் 300. 1100 விஏ என்றால் 660 வாட்டுக்குப் பக்கத்தில் வரும். வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பாருங்கள்.

சரி, நம் கம்ப்யூட்டர் எத்தனை வாட் இழுக்கிறது? கேபினெட்டுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று எழுதியிருப்பது அதன் உச்சத் திறன். அது எப்போதும் இழுக்கும் அளவு என்று நினைத்து, தேவையில்லாமல் பெரிய யுபிஎஸ் வாங்குபவர்களும் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கம்ப்யூட்டர் மானிட்டரோடு சேர்த்து 100 வாட்டுக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடினால் அதே மேசை 350, 400 வாட்டுக்குப் போகும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரை 600 விஏ பெட்டியில் மாட்டினால், கரண்ட் போன நொடியில் ஓவர்லோடு என்று கத்திவிட்டு யுபிஎஸ்ஸே அணைந்துவிடும்.

அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டு இபி மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், பல வீட்டு மீட்டர்களில் அது 3200. ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் வழக்கமாகச் செய்யும் மிகக் கனமான வேலையில் ஓடவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு மின்னல் என்பது 18.75 வாட். பத்து முறை மின்னினால் ஏறக்குறைய 190 வாட். மூன்று நான்கு நிமிடம் எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் நம்பலாம். வந்த எண்ணோடு கால்பங்கு கூட்டி, அந்த வாட்டைத் தாங்கும் யுபிஎஸ் எடுத்தால் போதும்.

இப்போது அந்த 'அரை மணி' கணக்கு. 600 விஏ பெட்டிகளில் பொதுவாக 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. 84 வாட் லோடை ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்று காகிதம் சொல்லும், பேட்டரி சொல்லாது. ஏனென்றால் 7 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இறக்கினால் கிடைக்கும் அளவு. 200 வாட் கம்ப்யூட்டரை ஓட்ட, மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரி 20 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் எழுதியிருப்பதில் பாதிதான் வெளியே வரும். புதுப் பேட்டரியிலேயே எட்டு, பத்து நிமிடம். 100 வாட் என்றால் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகலாம். முழு 360 வாட்டையும் ஏற்றினால் இரண்டு மூன்று நிமிடம். லோடு இரண்டு மடங்கானால் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். இது தெரிந்தால் கடைக்காரர் சொல்லும் எண்ணை நாமே எடை போடலாம்.

நேரம் போதவில்லை என்று சிலர் எடுக்கும் முடிவுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. யுபிஎஸ்ஸைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒயர் நீட்டி, கார் பேட்டரியையோ 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியையோ மாட்டுவது. தெருவோரக் கடைகளில் குறைந்த செலவில் செய்து தருவார்கள், முதல் நாள் நன்றாகவும் ஓடும். ஆனால் சின்ன யுபிஎஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்மரும் டிரான்சிஸ்டர்களும் பத்து நிமிடம் சூடாகி ஓய்வதற்காகவே அளவெடுத்துச் செய்தவை. பலவற்றில் ஃபேன்கூட இருக்காது. மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் உருகும், சில சமயம் எரியும். சார்ஜ் ஆவதும் சிக்கல்தான். உள்ளிருக்கும் சார்ஜர் ஓர் ஆம்பியருக்கு முன்பின்னாகத்தான் தரும், 150 ஏஎச் பேட்டரி அதில் நிரம்ப ஒரு வாரம் ஆகும். தினமும் கரண்ட் போகும் ஊரில் அது நிரம்பவே நிரம்பாது, பாதிச் சார்ஜில் கிடந்தே கெட்டுப்போகும். போதாக்குறைக்கு, தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். அதைப் படிக்கும் அறையில் மேசைக்கு அடியில் வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதிக நேரம் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த இன்வெர்ட்டரை வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் என்றதும், 2012 வாக்கில் பல மணி நேர மின்வெட்டைப் பார்த்த தமிழ்நாட்டில் ஏற்கெனவே அது பல வீடுகளில் இருக்கிறது. அந்த லைனில் கம்ப்யூட்டரை மாட்டுவதில் இரண்டு இடறல்கள். ஒன்று, இன்வெர்ட்டரின் முகப்பிலோ பின்னாலோ இருக்கும் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் சுவிட்சை யாரும் பார்ப்பதில்லை. நார்மல் மோடில் வோல்டேஜ் 100 வரை இறங்கினாலும் அப்படியே உள்ளே விடும், பேட்டரிக்கு மாறுவதும் நிதானமாக நடக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் மோடில் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறும், வேகமாகவும் மாறும்.

இரண்டாவது இடறல் வேடிக்கையானது. இன்வெர்ட்டர் லைனில் யுபிஎஸ்ஸை மாட்டி, அதில் கம்ப்யூட்டரை மாட்டியிருப்பார்கள். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும், ஆனாலும் யுபிஎஸ் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருந்து பத்து நிமிடத்தில் செத்துவிடும். காரணம், பழைய ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தின் வடிவம் பல யுபிஎஸ்களுக்குப் பிடிக்காது. இது நல்ல கரண்ட் இல்லை என்று முடிவு கட்டி, அது தன் சொந்தப் பேட்டரியிலிருந்தே கொடுக்கும். இபி கரண்டைப் போலவே வழுவழுப்பான அலையைத் தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தகராறு பெரும்பாலும் வராது. அது யுபிஎஸ் மோடிலும் இருந்தால், நடுவில் தனியாக ஒரு யுபிஎஸ் பல கம்ப்யூட்டர்களுக்குத் தேவைப்படாது.

வடிவம் பற்றிய இன்னொரு விஷயம். மலிவு யுபிஎஸ்களும் பேட்டரியில் ஓடும்போது தருவது படிப்படியாக வெட்டிய அலைதான். சாதாரண எஸ்எம்பிஎஸ் அதைச் சகித்துக்கொள்ளும். மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் முத்திரை உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஓடிவிடும், சில முனகும், சில கரண்ட் போன கணமே அணைந்துவிடும். விலை உயர்ந்த கம்ப்யூட்டராக இருந்தால் சைன் வேவ் யுபிஎஸ்ஸுக்குக் கூடுதல் பணம் போடுவது நியாயம். எந்நேரமும் தன் இன்வெர்ட்டர் வழியாகவே கரண்ட் கொடுக்கும் 'ஆன்லைன்' வகை யுபிஎஸ் வீட்டுக்குத் தேவையில்லை: விலை அதிகம், ஃபேன் சத்தம் வேறு.

யுபிஎஸ் நன்றாக இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? யுபிஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்ட் அளவு எடுத்துக்கொள்ளும். ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தை வைத்தே 16 மில்லிசெகண்டாவது தாக்குப்பிடிக்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்களில் கெப்பாசிட்டர் சின்னதாக இருக்கும், பழசானால் வீங்கியும் போயிருக்கும். இதை அறியாமல் இரண்டு யுபிஎஸ் மாற்றிவிட்டு மூன்றாவதற்குக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

லோ வோல்டேஜ் உள்ள பகுதியா? மாலையில் டியூப் லைட் எரியத் தயங்கும் ஊர்களில் ஏவிஆர் உள்ள யுபிஎஸ் கட்டாயம். அது பேட்டரியைத் தொடாமலே வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும். அது இல்லாவிட்டால், கரண்ட் இருக்கும்போதே யுபிஎஸ் பேட்டரிக்குப் போய்ப் போய் வந்து, நிஜமாகக் கரண்ட் போகும்போது கை விரித்துவிடும்.

மாட்டும் கட்டத்துக்கு வருவோம். பல மாடல்களில் போக்குவரத்துக்காகப் பேட்டரியின் சிவப்பு ஒயரைக் கழற்றி வைத்திருப்பார்கள். கீழ்ப்பக்க மூடியைத் திறந்து அதை மாட்ட வேண்டும். மாட்டாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டு, முதல் மின்தடையில் கண்டுபிடிப்பது சகஜம். மாட்டியதும் எட்டு மணி நேரமாவது சார்ஜ் ஏறவிட்டு, பிறகு சோதியுங்கள்.

பின்பக்க சாக்கெட்டுகள் எல்லாமே பேட்டரியோடு சேர்ந்தவை என்று நினைக்க வேண்டாம். சில மாடல்களில் ஒன்றிரண்டு, வோல்டேஜ் எகிறினால் தடுப்பதற்கு மட்டும். மானிட்டரை அதில் செருகினால், கம்ப்யூட்டர் ஓடும், திரை இருண்டிருக்கும், எதையும் சேமிக்க முடியாது. லேசர் பிரிண்டரை மட்டும் பேட்டரி சாக்கெட்டில் செருகவே கூடாது. அதன் சூடேற்றும் பகுதி சில நொடிகளுக்கு ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும். ஸ்பீக்கர், டேபிள் ஃபேன் எல்லாம் வெளியே இருக்கட்டும். இன்டர்நெட் மோடத்தை மாட்டலாம், அது பத்துப் பதினைந்து வாட்தான். அப்புறம் யுபிஎஸ்ஸின் வெளியீட்டில் ஸ்பைக் பஸ்டரைச் செருகி, அதில் இன்னும் நான்கைந்தைச் செருகும் பழக்கமும் வேண்டாம்.

எர்த் பற்றிப் பேசாமல் விட முடியாது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறதா? அந்த சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை பெயருக்கு இருக்கிறது, எர்த் இல்லை என்பதற்கான அடையாளம் அது. எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பப் பார்க்கும், போக வழியில்லாமல் அது கேபினெட்டிலேயே நிற்கும். யுபிஎஸ்ஸின் மின்னெழுச்சித் தடுப்பும் பாதி செயலிழந்த நிலைதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டரை இந்த இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம். எர்த் சரியாக இருந்தாலும் ஐப்பசி இடிக்கு முன் எந்த யுபிஎஸ்ஸும் நிற்காது. அந்த நேரத்தில் பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி வைப்பதுதான் பாதுகாப்பு.

யுஎஸ்பி போர்ட் உள்ள மாடல் என்றால் கூடவே வரும் கேபிளைப் பெட்டியிலேயே தூங்கவிடாதீர்கள். மாட்டியதும் விண்டோஸில் லேப்டாப் போலப் பேட்டரி படம் தெரியும். சார்ஜ் குறைந்தால் தானாக அணைய பவர் ஆப்ஷன்ஸில் சொல்லிவிடலாம். லினக்ஸில் இதற்கு நட் என்ற மென்பொருள் உண்டு.

சோதனை செய்யும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் சேர்ந்து துண்டாகிவிடும். நம் ஊர் சாக்கெட்டுகளில் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறதே, அதை அணைத்தால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முக்கிய வேலை எதுவும் திறந்திராதபோது அணைத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். முழுக்க வடியவிட வேண்டியதில்லை. யுபிஎஸ்ஸில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு அடிக்கடி அடிவரை வடிவது கெடுதல்.

வைக்கும் இடமும் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கும். இந்தப் பேட்டரிகள் 25 டிகிரியை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். வேலூர் வெயிலில், மூடிய மேசைப் பலகைக்குள், சுவரோடு ஒட்டி வைத்தால் நான்கு வருடம் வர வேண்டியது இரண்டிலேயே முடியும். காற்றோட்டமாக, தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள், பல்லியும் தூசியும் குறையும்.

பேட்டரி தீர்ந்தால் யுபிஎஸ்ஸையே தூக்கிப் போட வேண்டாம். அதே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாகக் கிடைக்கும். உள்ளே இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று பழசாக இருந்தால் புதியதையும் கெடுக்கும். யுபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். சிவப்பு ஒயர் பிளஸ், கறுப்பு மைனஸ். மாட்டுவதற்கு முன் டெர்மினல் அகலம் பழையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், 4.8, 6.3 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் உண்டு. பழையதில் ஈயமும் அமிலமும் இருப்பதால் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். புதுப் பேட்டரி மேல் மாட்டிய தேதியை மார்க்கரில் எழுதி வைத்தால், அடுத்த முறை கடைக்காரர் "இது எப்ப போட்டது?" என்று கேட்கும்போது யோசிக்க வேண்டியிருக்காது.