பயற்றங்கொடியில் பொறிவண்டுகளின் உட்பகையைக் கவனிக்கும் முறை

குமரி மாவட்டத்தில் வாழைக்கு இடையில் தட்டைப்பயறு விதைத்திருப்பவர்கள், கொழுந்திலும் இளங்காயிலும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிய சில நாள்களில் பொறிவண்டுகள் வந்து சேர்வதைக் காண்பார்கள். வந்தவை அனைத்தும் அசுவினியை மட்டுமே தின்னும் என்று இருந்துவிடக் கூடாது. இரை குறையத் தொடங்கியதும் ஓர் இனத்தின் முட்டைகளை இன்னோர் இனம் தின்னும். முதிர்ந்த புழு, தன் இனம் பிற இனம் என்று பாராமல், இளம் புழுவைப் பிடித்துத் தின்னும். இதுவே இங்கே சொல்லும் உட்பகை. ஆகவே வண்டுகளை எண்ணுவதற்கு முன் மிஞ்சியிருக்கும் அசுவினியைப் பார்க்க வேண்டும்.

முதலில் இனங்களைப் பிரித்தறியுங்கள். மஞ்சளோ ஆரஞ்சோ ஆன முதுகில் கறுப்பு வளைகோடுகள் ஓடுவது ஓர் இனம். சிவந்த முதுகின் நடுவே கறுப்புக் கோடும் பக்கங்களில் அகன்ற கறுப்புப் பட்டைகளும் உடையது மற்றோர் இனம். இவற்றோடு, கடுகைவிடச் சற்றே பெரிதான பழுப்பு வண்டும் இருக்கலாம். அதன் புழு வெண்மெழுகு போர்த்தியிருப்பதால் மாவுப்பூச்சி என்று பலர் நசுக்கிவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. கத்தரியிலும் பாவலிலும் இலையைச் சுரண்டித் தின்னும் மங்கிய நிற வண்டு இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும் இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

வெயில் ஏறுவதற்குள், பத்துக் கொழுந்துகளுக்கு நூல் கட்டி, வாரம் இருமுறை அவற்றையே பாருங்கள். அசுவினி மிகுதியா, சிறிதா, அறவே இல்லையா என்பதையும், முட்டை, புழு, கூட்டுப்புழு, எறும்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இலையடியில் மஞ்சள் முட்டைகள் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். பொரித்த முட்டைகளின் வெளிறிய ஓடுகள் நிலைகுலையாமல் நிற்க, தின்னப்பட்டவை கிழிந்து சிதைந்து கிடக்கும். ஆயினும் பொரித்த குஞ்சுகளே அருகில் பொரியாத முட்டைகளைத் தின்பது வழக்கம் என்பதால், ஒரு கொத்தில் சில முட்டைகள் சிதைந்ததைக் கண்டவுடன் அயல் இனத்தின் மீது பழி சுமத்தக் கூடாது. கூட்டுப்புழுவிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: வட்டமான சிறு துளை ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வழியாக இருக்கலாம், கடித்துக் கிழித்த குழி இரைகொல்லியின் வேலை.

சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஒரு பெரிய புழுவையும் வேற்றினச் சிறு புழு ஒன்றையும் அசுவினியுள்ள கொழுந்தோடு ஒரு குப்பியிலும், அவ்வாறே இன்னொரு இணையை அசுவினியில்லாத கொழுந்தோடு மற்றொரு குப்பியிலும் இட்டு, சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். குப்பியில் தப்பியோட வழியில்லாததால், அங்கே நிகழ்வது வயலில் நிகழ்வதைவிடக் கடுமையாகத் தெரியும்.

இந்த உட்பகையைத் தணிக்க, அசுவினி பிடித்த கொழுந்துகள் அனைத்தையும் ஒரே நாளில் கிள்ளி எறியாதீர்கள். பூச்சிக்கொல்லி அடித்தால், நஞ்சுக்குத் தப்பிய புழுக்களும் இரையின்றி ஒன்றையொன்று தின்னும். புழுக்களை வேறு பாத்திக்கு மாற்றும்போது, கசக்கிய தாள் துண்டுகளுக்கிடையே கொஞ்சம் அசுவினியோடு இட்டு எடுத்துச் செல்லுங்கள். எறும்புகள் அசுவினி வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவுக்காக அதைக் காத்துப் பொறிவண்டைத் துரத்துவதால், கொடிக்கு ஏறும் எறும்புப் பாதையை மறிப்பதும் பயன் தரும்.

மாவுப்பூச்சிக்கென வளர்த்து விற்கப்படும் ஆஸ்திரேலியப் பொறிவண்டை, மாவுப்பூச்சி உள்ள செடியில் மட்டுமே விடுங்கள். 2004இல் பிரிட்டனில் கால்பதித்த ஆசியப் பலவண்ணப் பொறிவண்டு பரவிய பின் அங்கே இருபுள்ளிப் பொறிவண்டு வெகுவாகக் குறைந்ததை எண்ணினால், வேறு எந்த அயலினத்தையும் தோட்டத்தில் விடத் துணிவு வராது.

ஐப்பசி, கார்த்திகை மழை அசுவினியைக் கழுவிக்கொண்டு போகும். அப்போது பொறிவண்டு குறைவதை உட்பகையின் கணக்கில் எழுதாமல், மழை விட்டு அசுவினி மீண்டும் கூடிய பின் பதிவைத் தொடருங்கள்.