முதுநகர் துறைமுகத் தண்ணீரில் பாசி எண்ணுவது எப்படி?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் தண்ணீர் கறுத்து, மேலே டீசல் மினுக்கும். அழுக்கு என்று சொல்ல மூக்கே போதும். எந்தப் பக்கம் எவ்வளவு மோசம் என்று தெரிய, கண்ணுக்குத் தெரியாத மிதவைப்பாசிகளை எண்ண வேண்டும்.

1. இடம். முகத்துவாரம், படகு கட்டும் துறை, உப்பனாற்றில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் என்று மூன்று இடம் போதும். மூன்றிலும் தண்ணீர் வற்றும் நேரத்திலேயே எடுங்கள். ஏறும்போது எடுத்தால் கடல்நீர் உள்ளே புகுந்து எல்லாமே சுத்தமாகத் தெரியும். உப்பளவையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2. எடுப்பது. வாளியில் மொண்டு ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, பால் கலக்காத லைட் டீ நிறம் வரும்வரை, பாசி கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலை விடுங்கள். முதல் தடவை நான் அயோடினை மறந்து, பாட்டிலை வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனேன். மிஞ்சியது பச்சைக் குழம்பு. வலையில் வடித்தால் சின்னப் பாசிகள் தப்பிவிடும். இனம் பார்க்க வலை, எண்ணுவதற்கு பாட்டில்.

3. படியவிடுவது. இருட்டில் 48 மணி நேரம். பிறகு மேல்தண்ணீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி 20 மில்லியாகக் குறையுங்கள். அவசரப்பட்டு அசைத்தால் அடிவண்டல் கலங்கி, முதலிலிருந்து படியவிட வேண்டியதுதான்.

4. எண்ணுவது. ஒரு மில்லி கொள்ளும், செல் எண்ணுவதற்கான செட்விக் ராஃப்டர் தட்டில் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். 850 செல் வந்தால் 850 × 20, அதாவது லிட்டருக்கு 17,000.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு செல்லில் நாலு இனம் தலைக்கு 25 இருந்தால் இனங்களின் பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு (2 அடிமான மடக்கையில்) 2. அதே நூறில் ஒன்று 97, மற்ற மூன்றும் ஒவ்வொன்றுதான் என்றால் 0.24. செல் அதே நூறுதான். ஆனால் ஒரே இனம் ஊரையே வளைத்துப் போட்டிருக்கிறது.

5. யார் இருக்கிறார்கள்? ஆஸிலட்டோரியா, யூகிளினா மிகுந்தால் சாக்கடைக் கழிவைச் சந்தேகியுங்கள். ஸ்கெலிடோனீமா என்ற டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள பாசி) மட்டும் மண்டினால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்திருக்கலாம். எந்தப் பாசிகள் இருக்கின்றன என்று பார்த்துக் கழிவு மாசுக்கு மதிப்பெண் போடும், 1969-இல் வந்த பால்மர் முறை நன்னீருக்கானது. முகத்துவாரத்தில் அதை அப்படியே நம்பாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலமும் உப்பனாறும் நன்னீரைக் கொட்டும்போது கடல் டயாட்டம்கள் தாமாகவே குறையும். அந்தச் சரிவுக்கு ஆலையைக் குறை சொல்லாதீர்கள். நவம்பர் பாட்டிலை மே பாட்டிலோடு ஒப்பிடாமல், அடுத்த நவம்பர் பாட்டிலுக்காக எடுத்து வையுங்கள்.