ஜூலை நான்கைக் கேட்பதும் ஆடுவதும் எப்படி

ஜூலை நான்கு, அமெரிக்க சுதந்திர தினம் என்றால் நமக்குக் கொடியும் வாணவேடிக்கையும்தான் ஞாபகம் வரும். அந்த ஒரு நாளை வைத்து ராக் இசைக்காரர்கள் எழுதிய பாட்டுகளையும், 1976-இல் அந்த நாட்டுக்கு 200 வயது ஆனதை ஒட்டி வந்த பின்பால் மெஷின்களையும் (சாய்ந்த மேசையில் உருண்டு வரும் பந்தைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும், காசு போட்டு ஆடும் விளையாட்டு) ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெஷின் கொடியைக் கொண்டாடும், பாட்டு அந்த லீவு நாளில் மனுஷர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லும். எனக்கு இரண்டும் வேண்டும், அதனால்தான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மெஷின். காட்லிப் கம்பெனியின் 'ஸ்பிரிட் ஆஃப் 76'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1975 கடைசியில் வந்தது, 10,000-க்கு மேல் தயாரித்தார்கள். புல்லாங்குழலும் முரசுமாக மூன்று பேர் நடந்துவரும் ஆர்ச்சிபால்ட் வில்லர்டின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு, அதன் பெயரும் இதுதான். இதே பெயரில் மிர்கோ என்ற கம்பெனியும் 1975-இல் ஒரு மெஷின் விட்டது, மைக்ரோபிராசசர் வைத்து விற்பனைக்கு வந்த முதல் பின்பால் அதுதான் என்பார்கள். தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நமக்கு வேண்டியது காட்லிப், முழுக்க ரிலேயும் சுவிட்சும் மோட்டாருமாக ஓடுகிற பழைய ரகம்.

கம்ப்யூட்டரில் ஆட 'விஷுவல் பின்பால்' என்ற இலவச மென்பொருள் போதும், விண்டோஸில் நன்றாக ஓடும். ஆர்வலர்கள் செய்து பகிர்ந்திருக்கும் மேசைகளில் (ஒவ்வொரு மெஷினின் கம்ப்யூட்டர் வடிவம்) இதைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். பழைய ரகத்தை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: உள்ளே சிப் கிடையாது என்பதால் சிப்பில் இருக்கும் நிரலை (ROM கோப்பு) தனியாகத் தேடி அலைய வேண்டாம். 5-ஐ அழுத்தினால் காசு போட்ட மாதிரி, 1 ஆட்டத்தைத் தொடங்கும், என்டர் பந்தை விடும், இரண்டு பக்க ஷிஃப்டும் ஃபிளிப்பர், அதாவது பந்தைத் தட்டும் கைகள். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஸ்பேஸ் கேடட் பின்பாலை ஆடியவர்கள் கவனியுங்கள், அதில் Z, / இரண்டும்தான் ஃபிளிப்பர், இங்கே அப்படி இல்லை.

ஸ்பேஸ் கேடட் வேகத்தையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். பந்து மெதுவாக வரும், அதனால் அவசரப்பட்டு இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அடிக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். ஒரு ஃபிளிப்பரைத் தூக்கியபடியே வைத்திருந்தால் உருண்டு வரும் பந்து அதன் மேல், அடிமுனைப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். அப்படி நிறுத்தி, எதை அடிக்கப்போகிறோம் என்று பார்த்து, ஃபிளிப்பரைக் கீழே விட்டு, பந்து நுனியை நோக்கி உருளும்போது தட்டுங்கள். நுனிக்கு அருகில் போகப் போகப் பந்து எதிர்ப்பக்கம் அதிகமாகச் சாயும். ஆட்டமே இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. அப்புறம் மேசையை லேசாகத் தட்டிவிடலாம் (Z, /, ஸ்பேஸ் பார்), ஆனால் அளவோடு. நிஜ மெஷினுக்குள் ஒரு வளையத்தின் நடுவே சின்னக் குண்டு ஒன்று தொங்கும், அது ஆடி வளையத்தைத் தொட்டால் 'டில்ட்': ஃபிளிப்பர் செத்துவிடும், பந்து கண்ணெதிரே போய்விடும்.

சத்தத்தைக் கட்டாயம் வையுங்கள். புள்ளிக்கு ஏற்ப உள்ளே உலோகப் பட்டைகள் வேறு வேறு ஸ்வரத்தில் 'டிங்' என்று அடிக்கும், எண் உருளைகள் கடகடவென்று சுற்றும். பாட்டு இதற்குக் கீழே, சின்ன சத்தத்தில் ஓடட்டும்.

பாட்டு வரிசை. சிகாகோ குழுவின் 'சாட்டர்டே இன் த பார்க்'கில் தொடங்குங்கள், 1972. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு ஜூலை நான்கு, சந்தோஷமான ஆரம்பம். அந்த நியூயார்க்கில் 1942-இலிருந்தே பின்பாலுக்குத் தடை இருந்தது. மேயர் லகார்டியா அதைச் சூதாட்டம் என்று பறிமுதல் செய்து சம்மட்டியால் உடைக்க வைத்தவர். 1976-இல் ராஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகர மன்றக் குழுவின் முன்னால் மெஷினை வைத்து, இது அதிர்ஷ்டம் இல்லை, கைத்திறன் என்று காட்ட, பந்து இந்த வழியாகத்தான் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அப்படியே விட்டுக் காட்டினார், அந்த வருஷமே தடை போயிற்று. நாட்டின் 200-ஆவது வருஷத்தில் நடந்த விடுதலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்தது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், '4த் ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க் (சாண்டி)', 1973. இந்த மாலைக்கு நடுநாயகமே இந்தப் பாட்டுதான், ஏனென்றால் சுதந்திர தினமும் பின்பாலும் ஒரே பாட்டுக்குள் வருகின்றன. நியூஜெர்சி கடற்கரை, மரப்பலகை நடைபாதை, வாணவேடிக்கை, குறி சொல்லும் மேடம் மேரி, விளையாட்டுக் கூடத்துப் பையன்கள். இந்த வாழ்க்கை எனக்கு இனி வேண்டாம் என்று காதலியிடம் சொல்கிற ஒருவன். அவர் குழுவின் டேனி ஃபெடரிசி வாசிக்கும் அக்கார்டியன் வரும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அதன்பின் எக்ஸ் குழு 1987-இல் பாடிய '4த் ஆஃப் ஜூலை', டேவ் ஆல்வின் எழுதியது. மனக்கசப்பில் இருக்கும் ஒரு ஜோடி, மாடிப்படியில் சிகரெட், கீழே தெருவில் பிள்ளைகள் வெடிக்கும் பட்டாசு. உடனே ஸ்பிரிங்ஸ்டீனின் 'இன்டிபென்டென்ஸ் டே' (1980), அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகும் மகன். இந்த இரண்டும் ஓடும்போது நான் ஆடமாட்டேன், கை ஓடாது. சவுண்ட்கார்டனின் '4த் ஆஃப் ஜூலை' (1994) கனமாக, மெதுவாக, இருட்டாக இருக்கும். பிடித்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாண்டிவிடுங்கள்.

கடைசியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். வுட்ஸ்டாக் இசை விழாவில் அவர் கிட்டாரில் வாசித்த அமெரிக்க தேசிய கீதத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அது 1969 ஆகஸ்டில். நான் சொல்வது 1970 ஜூலை நான்கு இரவு, ஜார்ஜியா மாநிலம் பைரனில் நடந்த அட்லாண்டா பாப் விழா. அங்கே அதே கீதத்தை அவர் வாசிக்க, மேலே வாணவேடிக்கை வெடித்தது. ஒலிப்பதிவு 2015-இல் தனி ஆல்பமாக வந்திருக்கிறது. இதற்கு மட்டும் சத்தத்தை முழுசாக ஏற்றுங்கள்.

கூட ஆள் இருந்தால் இன்னும் நல்லது, இந்த மெஷின் நாலு பேர் முறை வைத்து ஆடுகிற ரகம். ஒரு பந்து போனதும் அடுத்தவர் முறை. காத்திருப்பவர் பாட்டைக் கவனிக்கலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் 'பின்பால் மேப்' தளத்தில் மெஷின் பெயரைப் போட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும். ஆஸ்பரி பார்க்கிலேயே கடற்கரை நடைபாதையில் 'சில்வர்பால்' என்ற பின்பால் கூடம் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு போன் போட்டு மெஷின் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இந்த வயதுள்ள மெஷின்கள் அடிக்கடி ரிப்பேருக்குப் போகும்.