ஊட்டிக் குளிரில் பிளாஸ்டிக் மாடலுக்கு ப்ரைமர்: எதை வாங்குவது, எப்படி அடிப்பது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் பிளாஸ்டிக் மாடல் கிட் கட்டுபவர்களுக்கு, ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பற்றிச் சென்னைக்காரர்கள் சொல்லும் யோசனை பாதிதான் பொருந்தும். அங்கே சூட்டில் ப்ரைமர் துளி காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழுகிறது. இங்கே பிரச்சினை ஈரம். ஆகவே எந்த ப்ரைமர் என்பதோடு எந்த நேரம், எந்த அறை என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வாங்குவது

ஏர்பிரஷ் (கம்ப்ரஸர் காற்றால் பெயின்ட் தூவும் கருவி) இருந்தால் மிஸ்டர் சர்ஃபேசர் 1500 என்ற ப்ரைமர், சாம்பல் நிறம், கூடவே மிஸ்டர் லெவலிங் தின்னர். இல்லாதவர்களுக்கு டமியா சர்ஃபேஸ் ப்ரைமர் ஸ்ப்ரே. இரண்டும் லாக்கர், அதாவது கரைப்பான் கலந்த வகை. இவற்றின் கரைப்பான் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேல்தோலை லேசாக இளக்கிப் பிடித்துக்கொள்வதால், பிறகு மாஸ்க்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட் கூடவே வராது. சர்ஃபேசரில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 500 கீறல்களை நிரப்ப, 1000 பொதுவேலைக்கு. 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) விமானத்தின் பேனல் கோடுகள், அதாவது தகடுகளின் இணைப்பைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள், அடைபடக்கூடாது என்றால் 1500.

வலேஜோ சர்ஃபேஸ் ப்ரைமர் போன்ற நீர்வகையில் வாசனை குறைவு. ஆனால் அது பிளாஸ்டிக்கின் மேல் படலமாக உட்காருமே தவிர உள்ளே கடிக்காது. உப்புத்தாள் போட்டால் தோல் மாதிரி கிழிந்து வரும். மூட்டம் போட்ட வாரத்தில் இரண்டு நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. ஜனவரி முதல் மார்ச் வரை, நல்ல வெயில் நாளில் மட்டும் அதை எடுங்கள்.

ஸ்ப்ரே டப்பாவை விமான கூரியரில் ஏற்ற மாட்டார்கள், தரைவழியாக மெதுவாகத்தான் வரும். மழை பிடிப்பதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

அடிப்பதற்கு முன்

பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, உலர்த்தி, கண்ணாடிப் பாகங்களை மூடுங்கள். அவ்வளவுதான்.

பலர் சறுக்குவது அறையில். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். சாம்பல் ப்ரைமர் வெளுத்து, புகை படிந்தாற்போல் ஆவது இதனால்தான். பிராண்டை மாற்றிப் பயனில்லை.

ஈரப்பதம் காட்டும் ஒரு சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் லாக்கர் வேண்டாம். குறைப்பதற்கு வழி உண்டு: 14 டிகிரியில் 95 சதவீதம் இருக்கும் அறைக் காற்றை, ஜன்னலைச் சாத்தி 22 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கும். எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் நல்லது. கரி அடுப்பும் கேஸ் ஹீட்டரும் கூடாது. கேஸ் எரியும்போதே நீராவி வெளியாகும், நெருப்பு ஆபத்து வேறு. எந்த ஹீட்டராக இருந்தாலும் அணைத்து, ஆறவிட்ட பிறகே ப்ரைமரைத் திறக்க வேண்டும். மாடலையும் டப்பாவையும் முன்கூட்டியே அதே அறையில் வையுங்கள். குளிர்ந்த வராந்தாவிலிருந்து நேராகக் கொண்டுவந்த மாடலில் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும்.

அடிப்பது

குளிரில் ஸ்ப்ரே டப்பாவின் அழுத்தம் குறைந்து துளி பெரிதாக விழும். கை பொறுக்கும் சூட்டு நீரில் 5 நிமிடம் நிறுத்தி வையுங்கள். கொதிநீர் கூடாது, வெடிக்கும். டப்பாவைத் துடைக்காமல் அடித்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரே மாடலைக் கெடுக்கும். நன்றாக 2 நிமிடம் குலுக்கி, 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசுங்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் நிறம் தெரிவதுதான் சரி. 15 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு மெல்லிய பூச்சு.

ஏர்பிரஷ் என்றால் ஒரு பங்கு 1500-க்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர், காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. லெவலிங் தின்னரில் உலர்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் உண்டு, நம் ஊருக்கு அதுதான் தேவை. கம்ப்ரஸரில், காற்றிலுள்ள நீரைப் பிடிக்கும் ஈரப்பொறி கட்டாயம். கரைப்பான் ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி போடுங்கள், துணி மாஸ்க்கும் என்95-உம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது.

அடித்து முடித்ததும் ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியேற்றுங்கள். ஆனால் மாடலை அங்கேயே விடாமல் சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிய டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாள் கழித்து, மறைவான இடத்தில் டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள்.

வெளுத்துவிட்டால் பதறி உரிக்க வேண்டாம். ஈரம் குறைந்த நேரத்தில் லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லியதாக ஒரு தடவை வீசுங்கள். படலம் மறுபடி இளகி உள்ளே மாட்டிய நீரை விடும். அதற்கும் மசியாவிட்டால் 1500 கிரிட் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மறுபடி அடியுங்கள்.

பின்சேர்ப்பு: கார் பட்டறையில் வாங்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) ப்ரைமர் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது உலோகத்துக்கானது. கரைப்பான் கடுமை, மெல்லிய இறக்கை நுனி சுருங்கலாம், பரப்பு முழுக்க நுண்விரிசல் விடலாம். அதைத்தான் அடிப்பேன் என்றால் முதலில் ஸ்ப்ரூ (பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் அடித்து, ஒரு நாள் விட்டு நகத்தால் கீறிப் பாருங்கள். அரித்து வெட்டிய மெல்லிய பித்தளைத் தகடு (எட்ச்) பாகங்களுக்கு மிஸ்டர் மெட்டல் ப்ரைமரைத் தூரிகையால் முதலில் தடவிவிட்டு, அதன் மேல் சர்ஃபேசர்.