முதலில் விரல், பிறகு பூவாளி

நான் கொன்ற செடிகளில் முக்கால்வாசி தாகத்தால் சாகவில்லை. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று பூவாளியும் கையுமாகக் கடமை தவறாமல் ஊற்றி ஊற்றியே கொன்றேன். வாசலில் வைத்திருந்த மூன்று ரோஜாக்கள் வாட ஆரம்பித்தபோது, ‘தண்ணி பத்தலை போல’ என்று ஆளுக்கொரு குவளை கூடுதலாக ஊற்றினேன். மூன்றாவதும் போன பிறகுதான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றியது. சாக்கடை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் மட்டும் கொழகொழவென்று உரிந்து கையோடு வந்துவிட்டது, உள்ளே இருந்த நூல் மாதிரியான நரம்பு மண்ணிலேயே நின்றது. நல்ல வேர் இப்படி வராது. வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ, இழுத்தால் விறைப்பாக நிற்கும்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு இடையே எந்நேரமும் தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் சொதசொத மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். மேலே இருந்து பார்த்தால் இந்த வாட்டமும் தண்ணீர் இல்லாத வாட்டமும் ஒரே மாதிரிதான். எனக்குப் புரியாமல் போனது அதுதான்.

இப்போதெல்லாம் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்க்காமல் ஊற்றுவதில்லை. மேல்மண் காய்ந்து வெளுத்துக் கிடப்பதை நம்பக் கூடாது, ஒரு அங்குலம் கீழே குளுகுளுவென்று இருக்கும். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று விடுமுறை. சின்னத் தொட்டியென்றால் தூக்கிப் பார்த்தாலே போதும், ஈரத் தொட்டியின் கனம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். உச்சி வெயிலில் இலை தொங்குகிறதே என்று பதறவும் வேண்டாம். வேர் அனுப்பும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகமாகும் நேரம் அது, பல செடிகள் மாலையில் தாமாக நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஊற்றுவது என்று முடிவாகிவிட்டால் கஞ்சத்தனம் கூடாது. அடித்துளை வழியாக நீர் வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் அரைக் குவளை தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஊற்றிய மறுநொடியே அடியில் ஓடிவிடுகிறதா? மண் கட்டியாகக் காய்ந்து தொட்டியின் பக்கவாட்டில் இடைவெளி விட்டிருக்கிறது என்று பொருள். வாளித் தண்ணீரில் தொட்டியை அரை மணி நேரம் உட்காரவைத்து எடுங்கள்.

தொட்டி என்றதும் சல்லி ஞாபகம் வருகிறது. அடியில் கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் வெகுநாள் கல் பொறுக்கினேன். நடப்பது நேர்மாறு. பொடி மண்ணில் பிடித்துவைத்த நீர் பெரிய இடைவெளியுள்ள கல் அடுக்குக்குள் சட்டென்று இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்து ததும்பும்வரை கல்லுக்கு மேலேயே தொங்கி நிற்கும். தொட்டியில் கால் பங்கைக் கல்லுக்குக் கொடுத்தால் அந்த ஈரப் பகுதி வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான் லாபம். துளையை மண் அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லு போதும். வடிகாலை மண்கலவையில்தான் செய்ய வேண்டும். தோட்ட மண், நன்றாக மட்கிய உரம், பருமணல் மூன்றும் சம பங்கு என்று நான் தொடங்குவேன். லேசான ஈரத்தோடு ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் கொஞ்சம் மணல்.

செடி வாங்கப் போவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் 8 மணிக்கும் 12 மணிக்கும் 4 மணிக்கும் வீட்டைச் சுற்றி வந்து, வெயில் விழும் இடத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டுவையுங்கள். ரோஜா, செம்பருத்தி, மல்லிகைக்கெல்லாம் ஆறு மணி நேர நேர்வெயில் இருந்தால்தான் பூ. பெரணி வகைகளுக்கு அந்த வெயிலே எமன். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் சுவரோரம் ஒரு ஏமாற்று இடம். ஊரெல்லாம் மழை பெய்தாலும் அங்கே மண் நனையாது. சுவரின் சிமெண்டு, சுண்ணாம்பு உதிர்ந்து மண்ணில் காரத்தன்மையும் கூடும். புதுத் தளிர் மஞ்சளாகவும் அதன் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம், சுவரோரச் செடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். கீழே உள்ள பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. ஆனால் உர மூட்டையைப் பிரிப்பதற்கு முன் விரலை விட்டுப் பாருங்கள், அதிக நீரும் இலையை மஞ்சளாக்கும். வாடி நிற்கும் செடிக்கு உரம் போடவே போடாதீர்கள்.

தரையில் நடும்போது குழி வேர்ப்பந்தைப் (வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டை) போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் மட்டும் அதே அளவு. தண்டைப் புதைத்தால் அழுகும். பையிலிருந்து எடுத்ததும் வேர்கள் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். மனசு கேட்காது. கீறாவிட்டால் வெளியே எவ்வளவு மண் இருந்தாலும் வேர் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். நட்ட பிறகு காய்ந்த சருகை 5 முதல் 7 செ.மீ. வரை மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள்.

கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டுவதற்கு வருவோம். செம்பருத்தி, மல்லிகை, அடிக்கடி பூக்கும் ரோஜா வகைகள் எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை, வெட்ட வெட்டத் துளிர்க்கும். ரோஜாவில் வெளிப்பக்கம் பார்த்த தளிர்மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினால் கிளை வெளிநோக்கிப் போகும், நடுவில் காற்றோட்டம் கிடைக்கும். ஒட்டுக்கு, அதாவது ரோஜாவை வேறொரு செடியின் வேர்ப்பகுதியோடு இணைத்த இடத்துக்குக் கீழிருந்து தளதளவென்று கிளம்பும் குச்சியைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், அது உங்கள் ரோஜா இல்லை, அடியில் இருக்கும் அந்த வேர்ச்செடி. அடியோடு பிய்த்துவிடுங்கள். சென்ற வருடக் கிளையில் பூக்கும் செடிகளும் உண்டு, அவற்றைப் பூத்து முடிந்த கையோடு மட்டுமே வெட்டலாம்.

செம்பருத்தித் தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் மேலே சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது. மொட்டின் காம்பைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சியென்றால் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல் இருக்கும். பூச்சி விடும் இனிப்பான கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. நான் பழைய பல்துலக்கும் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுப்பேன். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் இறங்கியதும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பு. வாரம் ஒரு முறை, மூன்று வாரம். நண்பகலில் தெளித்து ஒரு செடியின் இலை முழுக்கக் கருகிய பிறகுதான் ‘வெயில் இறங்கியதும்’ என்பது எனக்கு விளங்கியது.

நாலைந்து நாள் வெளியூர் போனால் தொட்டிகளை நிழலில் நெருக்கி அடுக்கி, வடியும்வரை ஒருமுறை ஊற்றினாலே பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுப்பேன். போன முறை அவர் அன்பு மிகுந்து தினமும் இரண்டு வேளை ஊற்றியிருந்தார். இந்த முறை ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் சாக்கட்டியால் எழுதிவிட்டேன்: ‘விரலில் மண் ஒட்டினால் ஊற்றாதீங்க சார்.’