ஊர் வீட்டுப் பழைய கணினி: வெளிநாட்டிலிருந்து லீவில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

அம்மா அப்பாவோடு ஸ்கைப்பில் கதைப்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த கணினி, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இன்னும் துணி போர்த்தியபடி மேசையில் இருக்கிறது. ஸ்கைப்பை 2025 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். ஆனாலும் காணி உறுதியின் ஸ்கான், கலியாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். "நிக்கிறபோது இதையும் ஒருக்கால் பார்" என்பார்கள். பயணம் சொல்லும் நாள்வரை அதை இழுக்காதீர்கள். போன முதல் கிழமையே தொடங்கினால், ஏதும் பிழைத்தாலும் திருத்த நாள் இருக்கும்.

முதல் வேலை பிரதி எடுப்பது. படங்களையும் கடிதங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டுவிட்டுத்தான் மற்றதில் கை வையுங்கள். கூடவே பாமினி எழுத்துருவையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நம்மூரில் கோயில் நோட்டீஸ், சங்கக் கடிதம் என்று பழையவை பலதும் பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாகத்தான் தெரியும். நான் ஒருமுறை வீட்டுக் கணினியை சுத்தமாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். அப்பா தன் கடிதங்களைத் திறந்து பார்த்துவிட்டு, நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எழுத்துருவைப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது, அது வேறு கதை.

அப்புறம் பெட்டி. பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்து, மின்விசிறியில் படிந்த தூசியைத் தூரிகையால் தட்டுங்கள். பல்லி முட்டையும் இருக்கும். மணிக்கூடு ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பட்டன் பற்றரி செத்துவிட்டது. தேதி பிழைத்தால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். வீட்டில் "இன்ரநெற் சரியில்லை" என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

வேகம் போதாதென்றால், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பான 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி ஒன்றைக் கொண்டுபோங்கள். அதைப்போலப் பலன் தரும் வேறு பரிசு இல்லை. ரேம் வாங்குவதென்றால் முதலில் உள்ளே இருப்பதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ரேமில் பல வகை உண்டு; டி.டி.ஆர் 3 வகை இருக்கும் இடத்தில் டி.டி.ஆர் 4 பொருந்தாது. கனடா, அமெரிக்காவிலிருந்து கறண்டில் வேலைசெய்யும் எதைக் கொண்டுபோனாலும் லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். ஊரில் 230.

இனி அப்டேட். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வின்வர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்தப் பதிப்பு என்று காட்டும். விண்டோஸ் 7க்கு ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட் வருவது, 2020 ஜனவரியிலேயே முடிந்தது. விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது. 11க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புரோசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதனால் பழைய பெட்டிகள் பல அதில் ஏறாது. யூடியூப்பும் மின்னஞ்சலும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் போதும். வங்கி வேலையைப் பழைய விண்டோஸில் செய்யவே விடாதீர்கள்.

விண்டோஸோ லினக்ஸோ நிறுவும் பென் டிரைவை (8 ஜி.பி போதும்) புறப்படும் முன்பே தயார்செய்யுங்கள். அங்கே 4ஜி ரவுட்டரில் அந்தக் கோப்பை இறக்கினால் வீட்டாரின் மாத டேட்டாவில் ஒரு பங்கு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்குக் கணினியோடு ரவுட்டர் வயரையும் கழற்றச் சொல்லிக் காட்டுங்கள்.

கடவுச்சொற்களைக் கொப்பியில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் வெளிநாட்டு நம்பரைப் போடாதீர்கள். அவர்கள் காலையில் கணினியைத் திறக்க, ஓ.டி.பி ரொறன்ரோவில் நடுச்சாமத்தில் உங்கள் தலைமாட்டில் வந்து நிற்கும்.