பழைய சீனச் சிவப்பு மெருகுப் பீங்கான்களைத் தேர்ந்து வாங்குதல்

சீனாவின் சிவப்பு மெருகுப் பீங்கான்களைச் சேகரிக்க விரும்புபவர் முதலில் இருவகைச் சிவப்பைப் பிரித்தறியப் பழக வேண்டும். செம்புச் சிவப்பு, பீங்கானின் கண்ணாடி போன்ற மேற்பூச்சான மெருகிலேயே கலந்து, காற்றோட்டம் குறைக்கப்பட்ட சூளையின் கடும் வெப்பத்தில் உருவாவது. இரும்புச் சிவப்போ, ஏற்கெனவே சுட்ட மெருகின் மேல் பூசப்பட்டு, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடப்படுவது. முன்னதில் ஆழம் தெரியும்.

மிங் பேரரசர் சுவாந்தேயின் ஆட்சியில் (1426–1435) பீங்கானுக்குப் பெயர்போன ஜிங்தேஜென் நகரின் சூளைகளில் உச்சம் தொட்ட செம்புச் சிவப்பு, பின்னர் நலிந்து, சிங் பேரரசர் காங்சியின் காலத்தில் (1662–1722) மீண்டும் தழைத்தது. அக்காலத்துச் செம்புச் சிவப்பில் ஒருவகையான ‘லாங்’ சிவப்புக் கலங்களில் மெருகு கீழ்நோக்கி வழிவதால் வாய்விளிம்பு வெளுத்தும் அடிப்பகுதி அடர்ந்தும் காணப்படும். ஆயினும் நல்ல கலங்களில் அது அடிவளையத்தைத் தொடாமல் கச்சிதமாக நின்றுவிடும். அடிவளையம் சாணையில் தேய்க்கப்பட்டிருந்தால், வழிந்த மெருகை அகற்றிய பிற்காலக் கலமோ என்று ஐயுறுவது நல்லது.

கலத்தில் பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் குறிக்கும் ஆட்சி முத்திரையை மட்டும் நம்பி விலை பேசுவது விவேகமன்று. காங்சி காலக் கலங்களிலேயே சுவாந்தே முத்திரை இடப்பட்டதுண்டு, முன்னோர் மீதுள்ள மதிப்பினால். லாங் சிவப்பில் பெரும்பாலும் முத்திரையே இராது.

வாங்குமுன் புறஊதா விளக்கொளியில் கலத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பழுதுபார்த்த இடங்கள் பல சமயம் வேறு நிறத்தில் ஒளிரும். பழைய ஏலப் பட்டியல், ரசீது போன்ற உரிமைச் சான்றுகளையும் கேட்டுப் பெறுங்கள்.